சாயத்தைவிட உப்புதான் வில்லன்! டி-ஷர்ட் கழிவுநீர் மண்ணை என்ன செய்யுது?

நீங்க போட்டிருக்கிற காட்டன் டி-ஷர்ட் திருப்பூரில் தயாரானதாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. அந்தத் துணிக்குச் சாயம் ஏற்றும்போது உப்பையும் கொட்டுவாங்க. அப்போதான் சாயம் துணியை நெருங்கும். ஆனா வேலை முடிஞ்சதும் உப்பு துணியில் தங்காது, அலசுற தண்ணியோட வெளியே வந்துடும்.

பல வருஷம் அந்தத் தண்ணி போய்ச் சேர்ந்த இடம் நொய்யல் ஆறு. பாசனத்துக்காக 1992-ல் திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டினாங்க. கொஞ்ச காலத்துலயே அது சாயக்கழிவுத் தொட்டி ஆயிடுச்சு. தண்ணிக்காகப் போராட வேண்டிய விவசாயிகள், 'அணையில் தண்ணியைத் தேக்காதீங்க'ன்னு போராடினாங்க. எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?

கலர் தண்ணியைப் பார்த்து நாம சாயத்தைத் திட்டுறோம். பயிரை அதிகம் படுத்துறது கண்ணுக்குத் தெரியாத உப்புதான். மண்ணில் உப்பு ஏற ஏற, வேரால் தண்ணியை இழுக்க முடியாது. காலடியில் ஈரம் இருந்தும் செடி தாகத்தில் வாடும். உப்பில் போட்ட மாங்காய் சுருங்குதே, கிட்டத்தட்ட அதே கதை. இலை நுனி கருகும், விதை சரியா முளைக்காது.

மண்ணுக்கு நடக்கிறது இன்னும் மோசம். களிமண் துகள்களைச் சேர்த்துப் பிடிச்சிருக்கிறது கால்சியம். உப்பில் இருக்கிற சோடியம் அந்த இடத்தைப் பிடிச்சுட்டா, கட்டு விட்டுப்போய்த் துகள்கள் பிரியும். மண்ணில் இருக்கிற நுண்துளைகளை அடைக்கும். காய்ஞ்சா பொருக்கு தட்டும், மழை பெஞ்சா தண்ணி உள்ளே இறங்காம மேலேயே நிற்கும். நல்ல மழை உப்பைக் கரைச்சுட்டுப் போகலாம். ஆனா, களிமண்ணில் ஒட்டின சோடியம் அவ்வளவு லேசில் விடாது.

2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். ஏகப்பட்ட பேருக்கு வேலை போச்சு, அதுவும் சின்ன விஷயமில்லை. இப்போ ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாதுங்கிறது விதி. தண்ணியைச் சுத்திகரிச்சு, மிச்சத்தைக் காய்ச்சி, உப்பைப் பிரிச்சு மறுபடி பயன்படுத்தணும். செலவு பிடிக்கிற வேலை. ராத்திரியில் திருட்டுத்தனமா திறந்துவிட ஆசை வர்றது இங்கேதான்.

கெட்டுப்போன மண்ணுக்கு மருந்து இருக்கு, அது ஜிப்சம். அதில் இருக்கிற கால்சியம் சோடியத்தை வெளியே தள்ளும். தள்ளினதைக் கழுவிவிட வடிகாலும் நல்ல தண்ணியும் வேணும். கிணறே உப்பாகிப்போன ஊரில் அதுக்கு எங்கே போறது? மழையை நம்பித்தான் இருக்கணும். அதனால உங்க குடும்பத்துக்கு இப்படி நிலம் இருந்தா, ஜிப்சம் வாங்குறதுக்கு முன்னாடி மண்ணையும் கிணற்றுத் தண்ணியையும் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பாருங்க.