புலி மலையில... பூனை வயல்ல!

திருநெல்வேலிக்காரரிடம், "உங்க ஊர்ல புலி உண்டாமே?" என்று கேட்டுப் பாருங்கள். ஏதோ தானே பால் ஊற்றி வளர்த்த மாதிரி நிமிர்ந்து உட்காருவார். நியாயம்தான். களக்காடும் முண்டந்துறையும் 1988-ல் ஒன்றாகி, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆனது இந்த மலையில்தானே! "நீங்க பார்த்திருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

மலையை விட்டு இறங்கி, அம்பாசமுத்திரம் பக்கம் அந்திநேரத்தில் வயல்வரப்பில் நின்றால், புலியின் சின்னத் தம்பி தரிசனம் தர வாய்ப்பு அதிகம். காட்டுப்பூனை! சங்கப் புலவர்கள் 'வெருகு' என்று அழைத்த அதே ஆசாமி. பேரில்தான் காடு. அடர்ந்த காடு ஐயாவுக்கு ஆகாது. தாமிரபரணிக் கரை நாணல், குளத்துக் கோரை, முள்புதர், நெல்வயல்... இதுதான் ஜாகை.

அமெரிக்காவின் 'பாப்கேட்'டை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். காது நுனியில் மயிர்க்கற்றை, கட்டை வால்... நம்மவரும் கிட்டத்தட்ட அதே ஜாடை. காதுமயிர் கொஞ்சம் சிறுசு, வால் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். வால் நுனிப்பக்கம் கறுப்பு வளையங்கள். வீட்டுப் பூனையைவிட உயர்ந்த கால்கள். எடை பெரும்பாலும் 4 முதல் 8 கிலோ. தண்ணீருக்குப் பயந்த ஜாதியில்லை, ஜோராக நீந்தும்.

சாப்பாடு? முக்கியமாக எலி. முயல், பறவை, தவளை எல்லாம் தொட்டுக்கொள்ள. ராஜஸ்தானின் சரிஸ்காவில் ஆராய்ந்தவர்கள், ஒரு பூனை தினம் 3 முதல் 5 எலி தின்னும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். வருஷத்துக்கு ஆயிரத்துக்கு மேலே! காரோ, பிசானமோ, எந்த சாகுபடியிலும் லீவு போடாமல், பஞ்சப்படி கேட்காமல் உழைக்கிற ஊழியர். எப்போதாவது ஒரு கோழி காணாமல் போகும். அதை போனஸ் என்று எழுதிக்கொள்ளுங்கள்!

வம்பு வருவது குட்டியால்தான். ரெண்டு மாதம் சுமந்து, புதருக்குள் ரெண்டு மூன்று குட்டி போடும். பெரிய பூனைக்கு உடம்பெல்லாம் ஒரே மணல் நிறம். குட்டிக்கு மட்டும் கோடும் புள்ளியும் இருக்கும். அறுவடையின்போது கண்ணில் பட்டால் போச்சு.

"அண்ணாச்சி, வயல்ல புலிக்குட்டி கெடக்கு!"

"ஏலே, புலியுமில்ல கிலியுமில்ல. காட்டுப்பூனக் குட்டில அது. எடுத்த எடத்துலயே வச்சிரு. ஆத்தாக்காரி பக்கத்துலதான் நிப்பா."

இப்படி ஓர் அண்ணாச்சி இருந்துவிட்டால் குட்டி பிழைத்தது. இல்லாவிட்டால் அட்டைப்பெட்டி, பசும்பால், செல்போனில் போட்டோ! கூட்டம் கலைந்து இருட்டினால், தாய் வந்து ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய்விடும். ஆள் சுற்றி நின்றால் எப்படி வரும்? குட்டி சொந்தக்காலில் நிற்க, தாயிடம் ஏறக்குறைய எட்டு மாதம் டிரெயினிங் வேண்டும். பசும்பால் ஊற்றும் புண்ணியவானுக்கு எலி பிடிக்கச் சொல்லித்தரத் தெரியுமா?

ஆசைக்குத் தூக்கிவந்து வளர்ப்பதும் 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வனத்துறை ஜீப் வாசலில் வந்து நிற்கும்போது, "பூனைதானே சார்" என்ற வசனம் எடுபடாது.