ஏற்ற இறக்கம் – 11: பதின்மூன்று பங்கு நேற்று, ஒரு பங்கு இன்று

விலையின் வேகத்தை அளக்கும் ஆர்.எஸ்.ஐ. குறிகாட்டியின் 70, 30 கோடுகளைச் சென்ற வாரம் பார்த்தோம். 70ஐத் தாண்டினால் மிகையாக ஏறிவிட்டது ('ஓவர்போட்'), 30க்குக் கீழே போனால் மிகையாக விழுந்துவிட்டது என்று படிப்பது வழக்கம். விலை ஒரு திசையிலும் இந்தக் குறிகாட்டி மறு திசையிலும் போகும் 'டைவர்ஜன்ஸ்' பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் உக்குவளை வாசகர் ஒருவரின் கேள்வி குறுக்கே வந்துவிட்டது. அவருடைய கைப்பேசிச் செயலி ஒரு பங்குக்கு 61 காட்டுகிறதாம். தரகர் அனுப்பிய வரைபடம் அதே பங்குக்கு, அதே நாளுக்கு, 57 காட்டுகிறதாம். "இதில் எது பொய்?" என்று கேட்கிறார்.

இரண்டுமே பொய்யில்லை. காரணத்தைத் தேடிப் போனவன் வெல்ஸ் வைல்டரின் கணக்குப் புத்தகத்துக்குள் விழுந்துவிட்டேன். இன்னும் எழுந்து வரவில்லை.

வைல்டர் இயந்திரப் பொறியியல் படித்தவர். காணி வியாபாரம் செய்தவர். பிறகு பண்டச் சந்தைக்கு வந்தவர். ஆர்.எஸ்.ஐ.யை 1978இல் வெளியான தன் நூலில் வைத்தார். ஏ.டீ.எக்ஸ்., ஏ.டீ.ஆர்., பரபோலிக் எஸ்.ஏ.ஆர். என்று இன்றைக்கு எல்லாத் திரைகளிலும் ஓடுகிற மற்றச் சரக்குகளும் அதே நூலில்தான் வந்தன. ஒரே புத்தகத்தில் இத்தனை! அப்போது வியாபாரியின் மேசையில் இருந்தது கணினி அல்ல, கல்குலேட்டர். பதினான்கு நாள் ஏற்றத்தையும் இறக்கத்தையும் தினமும் புதிதாகக் கூட்டிக்கொண்டிருந்தால் இருபது பண்டங்களைப் பார்ப்பவன் விடிய விடியக் கணக்குத்தான் போடவேண்டும்.

வைல்டரின் வழி இதுதான். முதல் பதினான்கு நாளுக்கு மட்டும் சராசரி ஏற்றம் ஒன்று, சராசரி இறக்கம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த நாளிலிருந்து நேற்றைய சராசரியை 13ஆல் பெருக்கி, இன்றைய மாற்றத்தைக் கூட்டி (ஏறினால் ஏற்றத்தோடு, இறங்கினால் இறக்கத்தோடு, மற்றதற்குப் பூச்சியம்), 14ஆல் வகுத்தால் போதும். பழைய விலைப்பட்டியலைத் தூக்கி எறிந்துவிடலாம். நேற்றைய விலையோடு இரண்டே இரண்டு சராசரிகள் கையில் இருந்தால் கணக்கு ஓடும்.

சும்மா ஒரு கணக்குப் போடுவோம். சராசரி ஏற்றம் 6 ரூபா, சராசரி இறக்கம் 3 ரூபா. மொத்த நடை 9. அதில் ஏற்றத்தின் பங்கு எத்தனை சதவீதமோ அதுதான் ஆர்.எஸ்.ஐ.: 66.7. நூல்களில் பின்னத்துக்குள் பின்னமாகப் பயமுறுத்தும் சூத்திரத்தைச் சுருக்கினால் இவ்வளவுதான் மிஞ்சும். மறுநாள் விலை 16 ரூபா விழுகிறது. ஏற்றச் சராசரி 5.57 ஆகும், இறக்கச் சராசரி 3.93 ஆகும், ஆர்.எஸ்.ஐ. 58.6க்கு இறங்கும்.

இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. தூக்கி எறிந்த நாள்கள் உண்மையில் போவதில்லை. தொடங்கிய நாளின் சராசரி, பதினான்கு நாள் கழித்தும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கணக்கில் உட்கார்ந்திருக்கும். 28 நாள் போனபின் எட்டில் ஒரு பங்கு. நூறு நாள் தாண்டினால் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. ஆகவே இரண்டு மாத விலையிலிருந்து தொடங்கும் செயலியும் இரண்டு வருட விலையிலிருந்து தொடங்கும் வரைபடமும் ஒத்துப்போகாது. வைல்டர் முறையை விட்டுவிட்டு எளிய சராசரியை வைத்திருக்கும் மென்பொருள்களும் இருக்கின்றன. உக்குவளை வாசகர் முதலில் இரண்டிலும் முறை ஒன்றுதானா என்று பார்க்கட்டும். ஒன்றென்றால் குறைந்தது நூறு வர்த்தக நாள்களின் விலையை ஏற்றிப் பார்க்கட்டும். வார இறுதியும் போயா விடுமுறையும் போக, கொழும்பில் அது ஏறக்குறைய ஐந்து மாதம்.

அதைவிட வேடிக்கை, விலை அசையாத பங்கு. கொழும்புப் பங்குச் சந்தையில் நாள்கணக்கில் கைமாறாத பங்குகள் உண்டு. மாற்றம் பூச்சியம் என்றால் இரண்டு சராசரிகளும் ஒரே அளவில் சுருங்கும். விகிதம் மாறாது. 64இல் நின்ற ஆர்.எஸ்.ஐ. மூன்று வாரத்துக்குப் பிறகும் 64தான். செத்த பங்குக்கு உயிர்த்துடிப்புக் காட்டும் கருவி இது! துஷார் சாண்டே 1994இல் கொண்டுவந்த குறிகாட்டியில் இந்த ஒட்டல் இல்லை. ஏற்றத்திலிருந்து இறக்கத்தைக் கழித்து, மொத்த நடையால் வகுத்து, –100 முதல் +100 வரை காட்டுவார். குறித்த நாள்கள் கடந்தால் பழையது அடியோடு போய்விடும். ஆனால் அசையாத பங்குக்கு அவருடைய கணக்கில் பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்க நேரும். எனக்கு அந்த முழிப்பே நேர்மையாகப் படுகிறது.

வைல்டர் பண்டச் சந்தைக்காரர் என்பதால், மாத்தளையில் இருக்கும் நமக்குப் பங்கைவிடத் தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையம்தான் பொருத்தமான பயிற்சிக் களம். அங்கத்தைய மொத்த விலைகளை மத்திய வங்கி தன் தினசரி விலை அறிக்கையில் வெளியிடுகிறது. காசில்லாமல் கணக்குப் போட்டுப் பழகலாம். நான் இதைச் சொன்னபோது கலேவெலப் பக்கத்து வெங்காய வியாபாரி ஒருவர் சிரித்தார். "மொதல்ல எத்தனை லொறி வந்திருக்குன்னு பாருங்க தம்பி. கணக்கு அப்புறம்."

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடைசெய்தது. இங்கே விலை தாவியது. அந்தத் தாவலுக்கு முந்திய நாள் எந்தக் குறிகாட்டியும் டெல்லியின் அறிவித்தலை வாசித்திருக்க முடியாது. தம்புள்ளை, கலேவெல வெங்காயம் அறுவடைக்கு வரும் காலத்தில் நம் அரசு இறக்குமதி வெங்காயத்தின் மீதான அறவீட்டை வர்த்தமானியில் உயர்த்துவதும் அப்படித்தான். 2024 ஜனவரியில் கரட் கிலோ 2,000 ரூபாவைத் தொட்டது. ஆர்.எஸ்.ஐ.யை மட்டும் நம்பியவனுக்கு அது அதற்கு வெகு முன்பே 'ஓவர்போட்' ஆகியிருக்கும். 70ஐத் தாண்டுவது விலை வேகமாக ஓடியது என்பதற்குச் சாட்சி. நின்றுவிட்டது என்பதற்கு அல்ல. கரட்டையாவது அடுத்த அறுவடை இழுத்து இறக்கிவிடும். 2022 மார்ச்சில் மத்திய வங்கி கட்டவிழ்த்துவிட்ட டொலரை இழுக்க அறுவடை ஏது? 200 ரூபாவை ஒட்டி நின்றது, மே மாதம் 360 வரை போனது. 230இல் "மிகையாக ஏறிவிட்டது, இனி இறங்கும்" என்று டொலரை விற்றவர்களை நினைத்துப் பாருங்கள்.

வைல்டரே பின்னாளில் வேறு பக்கம் போய்விட்டார். 1987இல் 'அடம் தியரி' என்றொரு நூல் போட்டார். 'லாபம்தான் முக்கியம்' என்பது அதன் துணைத்தலைப்பு. விலையை அதன் போக்கிலேயே பின்தொடரச் சொல்லும் நூல். உலகமே அவருடைய 14ஐப் பிடித்துக்கொண்டு திரிய, மனிதர் புது வாத்தியத்தை எடுத்துவிட்டார்.

டைவர்ஜன்ஸ் அடுத்த வாரம். அதற்குள் தம்புள்ளை பெரிய வெங்காயத்தின் நூறு நாள் மொத்த விலையை யாராவது ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் அந்தத் தாளிலிருந்தே தொடங்கலாம்.