சரோஜா என்றால் பாட்டி பெயரா?

பல்கலைக்கழகத்தில் முதல் வாரம். அறிமுக முகாமில் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பெயர் சொன்னோம். யாழினி, ஹர்ஷிதா, தீக்ஷா. என் முறை வந்தபோது "சாரா" என்றேன். அடையாள அட்டையில் இருப்பது சரோஜா.

முழுப்பெயரைச் சொன்னால் என்ன நடக்கும் என்பது உயர்நிலைப் பள்ளியிலிருந்தே எனக்குத் தெரியும். சீன, மலாய் நண்பர்களிடம் ஒன்றும் நடக்காது. தமிழ்ப் பிள்ளைகளின் முகத்தில்தான் சின்னச் சிரிப்பு ஓடும். "என் பாட்டி பேரும் அதுதான்" என்பார் ஒருவர். இன்னொருவர், 2007ஆம் ஆண்டு வந்த 'சென்னை 600028' படத்தில் இந்தப் பெயரில் தொடங்கும் பாடலை முணுமுணுப்பார். அந்தப் பாட்டு வந்தபோது எனக்கு இரண்டு வயது. உயர்நிலை நான்கு முடியும்வரை அது என்னை விடவில்லை.

என் பாட்டியின் பெயரும் சரோஜாதான். அதைத்தான் எனக்கு வைத்தார்கள். பேத்தி என்ற சொல்லே பெயர்த்தி என்பதிலிருந்து வந்தது, பாட்டியின் பெயரைத் தாங்குபவள். தமிழாசிரியை இதைச் சொன்ன நாளில் வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது.

இந்த வழக்கத்தில் ஒரு சிக்கலும் உண்டு. மாமியார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. பாட்டி சமையலறையில் நிற்கும்போது, "சரோஜா, இன்னும் குளிக்கலையா?" என்று அம்மா எப்படிக் கத்துவார்? அதனால் வீட்டில் நான் அம்மு. என்னைச் சரோஜா என்று கூப்பிட்டவர்கள் ஆசிரியர்களும் பல் மருந்தகத் தாதியரும்தான். அந்தப் பெயர் எனக்கு ஒட்டாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பாட்டி 1949இல் ஜோகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அம்மா பெயர் அஞ்சலை. சித்திமார் முனியம்மா, காத்தாயி. அவர்கள் இருந்த லயத்தில் பெரும்பாலும் இப்படிப்பட்ட பெயர்கள்தாமாம். தோட்டத்துக் கிராணியின் மனைவி பெயர் மட்டும் சரோஜா. காலில் செருப்பு, கையில் குடை, தோளில் பின் குத்திய சேலையுடன் அவர் நடந்து போவாராம். விடியற்காலையில் பால் மரம் சீவப் போகும் என் கொள்ளுப்பாட்டி, அந்தப் பெயரை எடுத்துத் தன் மகளுக்கு வைத்துவிட்டார். "இவ என்ன கிராணி வீட்டுப் பொண்ணா?" என்று லயத்தில் கேலி பேசினார்களாம். எனக்குப் பழசு என்று கேலி. பாட்டிக்குப் புதுசு என்று கேலி. ஒரே பெயர்தான்.

பாட்டிக்கு ஒன்பது வயதானபோது 'நாடோடி மன்னன்' வந்தது. அடுத்த ஆண்டு 'கல்யாணப் பரிசு'. தோட்டத்துத் திடலில் திரை கட்டிப் படம் காட்டும்போது, சரோஜாதேவி பெயர் திரையில் வந்தால் மற்றச் சிறுமிகள் பாட்டியைத் திரும்பிப் பார்ப்பார்களாம். 2025 ஜூலையில் அந்த நடிகை காலமான அன்று, எங்கள் வீட்டில் தொலைக்காட்சியை அணைக்கப் பாட்டி விடவில்லை.

சரஸ் என்றால் குளம். சரோஜா குளத்தில் பிறந்தவள், அதாவது தாமரை. பங்கஜம் சேற்றில் பிறந்தது, அம்புஜமும் ஜலஜாவும் நீரில் பிறந்தவை. கமலாவையும் பத்மாவையும் சேர்த்தால் ஒரு தலைமுறையே தாமரைக் குளம்தான். இன்றைய யாழினி, இனியா, மகிழினி எல்லாம் தமிழாகவும் இருக்கின்றன, கேட்க இனிமையாகவும் இருக்கின்றன. ஆனால் 2090இல் தேக்காச் சந்தையில் முருங்கைக்காய் பொறுக்கப்போகும் பாட்டிகளின் பெயர்களும் அவைதாம். (முகாம் தோழிகள் மன்னிக்கவும்.)

விடுதியில் என் அடையாள அட்டையைப் பார்த்த மலாய்த் தோழி ஒருத்தி, "செரோஜாவா?" என்று கேட்டாள். மலாயிலும் தாமரைக்குச் செரோஜா என்று பெயர் உண்டாம். அதே பெயரில் ஒரு பழைய மலாய்ப் பாட்டும் இருக்கிறது, அதில் இரண்டு வரியைப் பாடியும் காட்டினாள். அவள் காதுக்கு அது வயதான பெண்ணின் பெயர் அல்ல, பூவின் பெயர். அப்படியென்றால் பழமை அந்த மூன்று எழுத்தில் இல்லை. நமக்குத் தெரிந்த சரோஜாக்கள் எல்லாரும் ஒன்றாக மூத்துவிட்டார்கள், அவ்வளவுதான். அவர்களுடைய நரையைப் பெயரில் ஏற்றிவிட்டோம்.

இவ்வளவு யோசித்த பிறகும், பெயரை மாற்றப் பத்திரம் எழுத எவ்வளவு ஆகும் என்று விசாரித்து வைத்திருந்தேன். அப்போதுதான் ஒரு நாள் புத்தகம் கொடுக்க வந்த தோழி, கதவைத் திறந்த பாட்டியிடம் "சாரா இருக்காங்களா?" என்று கேட்டிருக்கிறாள். "அப்படி யாரும் இங்க இல்லையேம்மா" என்று பாட்டி அனுப்பிவிட்டார்.

இரவு என் அறைக்கு வந்தார்.

"பேரை மாத்திக்கப் போறியா அம்மு?"

எனக்குப் பேச்சு வரவில்லை.

"மாத்திக்கோ. அப்பவே உங்கப்பாகிட்ட ஐஸ்வர்யான்னு வைடான்னு சொன்னேன். கேட்டாத்தானே."

ஐஸ்வர்யா! தொடக்கக்கல்லூரியில் என் வகுப்பில் மட்டும் மூன்று ஐஸ்வர்யா. சிரித்துவிட்டேன். பாட்டியும் சிரித்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, கல்யாணமாகி சிங்கப்பூருக்கு வந்த நாள்முதல் தன்னையும் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்றார். தாத்தாவுக்கு 'இந்தா', மருமகளுக்கு 'அத்தை', எங்களுக்குப் 'பாட்டி'. "பாலிகிளினிக்ல மட்டும் கூப்பிடுவாங்க. இப்ப அங்கயும் நம்பர்தான்."

ஒரே வீட்டில் இரண்டு சரோஜா. இருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. இது எனக்கு அன்றுவரை தோன்றவே இல்லை.

பத்திரக் கட்டண விவரம் இன்னும் என் கைப்பேசியில்தான் இருக்கிறது, அழிக்கவில்லை. ஆனால் இந்தப் பருவத்தின் முதல் பயிற்சி வகுப்பில் முழுப்பெயரைச் சொன்னேன். பின்வரிசையில் ஒரு தமிழ் மாணவர் சிரித்தார்.

"என் பாட்டி பேரும் அதுதான்."

"அவங்களுக்கு அந்தப் பேரை யார் வெச்சாங்க?" என்று கேட்டேன்.

அவருக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.