மூளையலையும் மனத்துயரும்

காய்ச்சலை வெப்பமானி காட்டும். என்புமுறிவை ஊடுகதிர்ப்படம் காட்டும். மனச்சோர்வு என்னும் நோய்க்கோ இத்தகைய அளவுகோல் இன்றுவரை வாய்த்திலது. வாரக்கணக்கில் நீங்காத துயரம், உறக்கக்கேடு, ஊக்கமின்மை, வாழ்வில் வெறுப்பு ஆகியவற்றை வினவியறிந்தே வைத்தியர் இந்நோயைத் துணிகின்றார். நோயாளி வாய்திறவாவிடத்து நோயும் மறைந்தே நிற்கும். பசறைத் தோட்டமொன்றிற் கொழுந்து பறிக்கும் பெண் தன் துயரைத் துயரென்னாது, தலையிடியென்றும் கைகால் அசதியென்றும் முறையிடல் கூடும். ஆதலின், சொல்லின் துணையின்றி மூளையே தன் நிலையை உணர்த்துமோ என்னும் வினா மலைநாட்டார்க்கும் உரியதாகும்.

ஜேர்மனியின் யேனா நகரில் உளநோய் வைத்தியராயிருந்த ஹான்ஸ் பேர்கர், 1924ஆம் ஆண்டில் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதற் பதிவுசெய்து, 1929இல் அதனை வெளியிட்டார். தலையின் மேற்புறத்தே வைக்கப்படும் மின்வாய்கள், வோல்ற்றின் பத்திலட்சத்திலொரு பங்கை அலகாகக்கொண்டு அளக்கத்தக்க நுண்ணிய மின்மாற்றங்களைப் பதிவனவாம். கண்மூடி அமைதியுற்றிருக்குங்கால் செக்கனுக்கு 8 முதல் 13 வரையான அதிர்வுடன் தோன்றுவது அல்பா அலையெனப்படும்.

எனினும், அலை என்பது விளைவேயன்றிக் காரணமன்று. காமன் கூத்தின் தப்பொலி எதிர்மலையில் நிற்பார்க்குத் திரண்டு கேட்குமன்றி, அடிக்கும் கைகள் தனித்தனி புலப்படா. அதுபோலக் கோடிக்கணக்கான நரம்புக்கலங்களின் கூட்டொலியே மூளையலை. அதன் உள்ளீட்டை உய்த்துணரக் கணிதம் துணைசெய்கின்றது. 1952இல் ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் இருவர், கணவாயின் பெருநரம்பிழையை ஆராய்ந்து, நரம்பில் மின்துடிப்பு எழுமாற்றைச் சமன்பாடுகளால் விளக்கினர். 1972இல் வில்சன், கோவன் என்போர், தூண்டும் கலக்கூட்டமும் அடக்கும் கலக்கூட்டமும் ஒன்றையொன்று தாக்குமாற்றைச் சமன்பாடுகளாக்கினர். இத்தகைய மாதிரிகளைக் கணினியில் இயக்கி, அவை தரும் அலை நோயாளியின் அலையை ஒக்கும்வரை அளவுகளைத் திருத்துவர். அவ்வாறு பெற்ற அளவுகளினின்று, தூண்டல் மிகுந்ததோ அடக்கல் குறைந்ததோ என ஊகிப்பர்.

இம்முறை நம்பிக்கை தருவதே. ஆயினும் முடிந்த முடிபன்று. முன்மூளையின் இடப்பக்க அல்பாவிற்கும் வலப்பக்க அல்பாவிற்குமிடையேயுள்ள வேறுபாடு மனச்சோர்வின் அடையாளமெனப் பல்லாண்டுகள் கருதப்பட்டது. முன்னைய ஆய்வுகளை ஒருங்கு திரட்டி 2017இல் வெளிவந்த பகுப்பாய்வோ, அது நோயைத் துணிதற்குரிய சான்றாகாதெனக் கண்டது.

இனி, நலமுற்ற மூளையின் அலை எதுவென வரையறுக்கப் பயன்பட்டோர் யாவர் என்பதும் ஆராயற்பாலது. தன்யா பரமேஸ்வரன், தாரா தியாகராஜன் ஆகியோர் சிற்றூர் முதல் நகர் ஈறாகத் தமிழ்நாட்டின் 48 குடியிருப்புகளில் 402 பேரின் மூளையலைகளைப் பதிந்து, 2017இல் முடிபுகளை வெளியிட்டனர். வருவாயும் கல்வியும் பயணமும் மிக்கோரிடத்து அல்பா அலை வலிதாயிருந்தது. அவை குன்றியோரிடத்து அது மிக மெலிந்திருந்தது. மெலிந்த அலை நோயன்று. வாழ்க்கைச் சூழலின் சுவடு அதிற் படிந்திருத்தல் கூடும். இதனை அறியாது, செல்வநாட்டு நகரத்தாரின் அலையைக்கொண்டு அமைத்த மாதிரியால் லயத்து அறையில் வாழ்வோரை அளப்பின், நலமுற்றோரை நோயரென்றும் நோயுற்றோரை நலமுற்றோரென்றும் கொள்ளும் பிழை நேரும்.

வறுமையையும் இழப்பையும் அழுகையின் நிலைக்களன்களுள் வைத்தெண்ணிய தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், துயரத்தை மனத்தோடு மட்டுமன்றி வாழ்வோடும் இணைத்து நோக்கியது. ஊவா மலைத்தோட்டத்தாரின் அலைகளும் முறையாகப் பதியப்பெற்று மாதிரிகளுட் சேரும்பொழுதே இவ்வறிவியல் அவர்க்கும் உரியதாகும். அதுகாறும் கருவிக்காகக் காத்திருத்தல் வேண்டா. மனச்சோர்வு மருந்தாலும் ஆற்றுப்படுத்தலாலும் தணியும் நோயே. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி எண்ணில் உதவி பெறலாம். அயலார் துயரைப் பொறுமையுடன் கேட்கும் செவியே இன்று எவர்க்கும் எளிதில் வாய்க்கும் முதற் கருவியாம்.