மாடித் தொட்டியில் முட்டைக்கோஸ்

செம்பூரில் வாழ்வோருக்கு உரம் என்பது தொலைதூரக் கிராமத்துப் பொருளன்று. ராஷ்ட்ரிய கெமிக்கல்ஸ் அண்ட் ஃபெர்டிலைசர்ஸ் நிறுவனத்தின் ஆலை அங்கேயே இருக்கிறது. 1978-இல் தனி நிறுவனமாக உருப்பெற்ற இது தயாரிக்கும் 'சுபலா' 15:15:15 உரம் மூட்டை மூட்டையாக வயல்களுக்குச் செல்கிறது. அதிலிருந்து சில தேக்கரண்டிகள், அதே செம்பூரின் மாடி ஒன்றில் முட்டைக்கோஸ் வளர்க்கப் போதுமானவை.

மும்பைக்கு மாடித் தோட்டம் புதிதுமன்று. துறைமுகக் கழகத்தின் மையச் சமையலறை நாள்தோறும் ஏறத்தாழ 3,000 ஊழியர்களுக்கு உணவு வழங்கி வந்தது. அங்கு உணவு அலுவலராக இருந்த பிரீத்தி பாட்டீல், குப்பைக்குப் போகும் காய்கறிக் கழிவை மக்கவைத்து, சமையலறையின் சுமார் 3,000 சதுர அடி மாடியிலேயே காய்களும் பழமரங்களும் வளர்த்துக் காட்டினார். கோலாப்பூரைச் சேர்ந்த கணித ஆசிரியர் ஸ்ரீபாத் தாபோல்கரின் முறை அதற்கு வழிகாட்டியது. பசுஞ்சாணம், கோமியம், சிறிது வெல்லம் ஆகியவற்றை நீரில் கலந்து மூன்று நாள் ஊறவைத்த கரைசலில் உலர்ந்த இலைகளை நனைத்து, மண்ணோடு அடுக்கி மக்கவைப்பதே அம்முறை. விலை கொடுத்து வாங்கும் மண் அதில் மிகக் குறைவு. மண் கிடைக்காத நகரத்துக்கு இதைவிடப் பொருத்தமான உத்தி வேறில்லை.

முட்டைக்கோஸ் குளிரை நாடும் பயிர். இலைகள் உருண்டு திரள 15 முதல் 20 டிகிரி வெப்பம் உகந்தது. மும்பையின் டிசம்பர், ஜனவரி இரவுகள் 17 டிகிரி அளவுக்கு இறங்கினாலும் பகல் 30 டிகிரியைத் தொடும். ஆகவே காலம் தவறக் கூடாது. செப்டம்பர் இறுதியில் அல்லது அக்டோபரில் விதைத்து, நான்கைந்து இலை விட்ட நாற்றை நவம்பருக்குள் தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். 'கோல்டன் ஏக்கர்' நட்ட 60 முதல் 65 நாளில் சிறிய உருண்டைக் கோஸ் தரும், தொட்டிக்கு அளவானது. வெப்பப் பகுதிகளுக்கென உருவாக்கப்பட்ட 'பூசா அகேதி'யும் தகும். பிப்ரவரியில் நட்டவருக்கு அகன்ற இலைகள்தாம் மிஞ்சும்.

ஒரு செடிக்கு ஒரு தொட்டி. அகலமும் ஆழமும் ஓரடிக்குக் குறையாமல், 15 முதல் 20 லிட்டர் கொள்ளளவு. தாராவியின் கும்பார்வாடாவில் குயவர்கள் சுட்டு அடுக்கியிருக்கும் மண்தொட்டிகள் வேருக்குக் காற்றோட்டம் தருபவை. ஆனால் விரைவில் உலர்பவை. பழைய பிளாஸ்டிக் டிரம் வாங்குவோர் சற்று நிதானிக்க வேண்டும். மறுசுழற்சிக்கு வரும் டிரம்களில் சாயமோ ரசாயனமோ இருந்திருக்கலாம். கழுவினாலும் அது முற்றும் நீங்குமென்பதற்கு உறுதியில்லை. உண்ணும் பயிருக்குச் சமையல் எண்ணெய் வந்த கொள்கலனே ஏற்றது. அடியில் நான்கைந்து துளைகள் இட மறக்கலாகாது.

இனி உரம். வயலில் ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து இட்டு, 37,000 செடிகள் நட்டால், ஒரு செடியின் பங்கு ஏறக்குறைய 4 கிராம். 15 விழுக்காடு தழைச்சத்து கொண்ட கலப்புரத்தில் அது 27 கிராம். இதை ஒரே தடவையில் தொட்டியில் கொட்டினால் வேர் கருகும். வயலின் பரப்பு தொட்டிக்கு இல்லை. மூன்றில் ஒரு பங்கு மக்கிய உரமும் ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கும் கலந்த மண்ணில் பாதிச் சத்து முன்னரே இருக்கும். மீதிக்கு நட்ட இரண்டாம் வாரத்திலும், நான்காம் வாரத்திலும், கோஸ் திரளத் தொடங்கும்போதும் தலா 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி, தண்டிலிருந்து விலக்கித் தூவி நீர் விட்டால் போதும். ரசாயனம் வேண்டாம் என்போர் கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்து, நன்கு நீர்த்து, பத்து நாளுக்கொரு முறை ஊற்றலாம். அண்டை வீட்டார் அதன் வாடையைச் சற்றுப் பொறுத்தருள வேண்டும். மாட்டுங்கா வீடுகளில் அன்றாடம் மிஞ்சும் ஃபில்டர் காபிச் சக்கையும் நல்ல பொருளே. அதை நேரே தொட்டியில் கொட்டாமல் மக்கும் குப்பையோடு சேர்ப்பது நலம்.

உரம் இடுவதில் அளவைவிடப் பருவம் முக்கியம். வெளியிலைகள் முதலில் பெருக்க வேண்டும். உள்ளே திரளும் கோஸுக்கு உணவு சமைப்பவை அவையே. அதனால் தழைச்சத்து முற்பகுதியில் வேண்டும். கோஸ் இறுகிய பின்னும் தழைச்சத்து கொடுத்தால், அல்லது இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாய் நீர் விட்டால், அது வெடித்துவிடும். தண்டின் உள்ளே பொள்ளல் கண்டால் போரான் குறைவு எனக் கொள்ளலாம். அடுத்த பயிருக்கு ஒரு லிட்டர் நீரில் 2 கிராம் போராக்ஸ் கரைத்து இளம்பருவத்தில் ஒரு முறை தெளித்தால் போதும். மிகுந்தால் அதுவே செடிக்கு நஞ்சு.

சந்தைக் கோஸில் பூச்சிமருந்து மிகுதி என்ற அச்சத்தாலேயே பலர் தொட்டியை நாடுகின்றனர். வைரமுதுகு அந்துப்பூச்சியின் பச்சைப் புழு இலையைச் சல்லடையாக்குவது மெய். ஆயினும் பத்துத் தொட்டிக்கு மருந்து தேவையில்லை. காலையில் இலையின் அடிப்புறம் பார்த்துப் புழுவைப் பொறுக்கலாம். அருகில் கடுகு விதைத்தால் அந்துப்பூச்சியும் அசுவினியும் அங்கே செல்லும். இயலாதபோது, 50 கிராம் வேப்பங்கொட்டைத் தூளை ஒரு லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து வடித்துத் தெளிக்கலாம்.

வங்கி வாடிக்கையாளர்கள் கணக்குக் கேட்பார்கள். தொட்டி, மண், உரம், விதை எல்லாம் கூட்டினால் முதலாண்டில் ஒரு கோஸின் அடக்கவிலை சந்தை விலையைத் தாண்டும். இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் இடைவெளி குறையும். சிக்கனத்துக்காக மட்டும் இதில் இறங்க வேண்டியதில்லை. பணத்தைவிடக் கவனிக்க வேண்டியது பாரம். நீர் ஊறிய தொட்டி ஒன்று 20 முதல் 25 கிலோ. நாற்பது தொட்டிகள் ஒரு டன்னை எட்டும். பழைய கட்டடங்களின் தளத்தில் இதை நடுவே குவிப்பது ஆபத்து. சொசைட்டியின் எழுத்துமூல அனுமதி பெற்று, உத்தரமும் சுவரும் தாங்கும் ஓரங்களில் பரப்பி, தளத்தில் நீர் தேங்காதபடி செங்கல் மீது வைக்க வேண்டும். கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் கசிந்தால் தோட்டமே போய்விடும்.

கோஸ் கைக்கு இறுக்கமாகத் தோன்றியதும் அறுக்கலாம். செடியைப் பிடுங்காமல் வெளியிலைகளோடு தண்டை விட்டுவைத்தால், சில வாரங்களில் பக்கவாட்டில் சிறு கோஸ்கள் துளிர்க்கும், பொரியலுக்கு ஆகும். மார்ச் வெயில் ஏறியதும் தண்டை எடுத்துவிட்டு, அதே மண்ணில் முளைக்கீரை தூவலாம்.