மாற்றல் ஆணையில் இல்லாத பெயர்கள்

தூதரகத்தில் வேலை என்று யாராவது சொன்னால் நம் வீடுகளில் உடனே வரும் வார்த்தை, "கொடுத்து வைத்தவர்கள்." கொடி பறக்கும் கார், விமான நிலையத்தில் தனி வரிசை, வெளிநாட்டுப் பள்ளியில் பிள்ளைகள். கொடி வைத்த கார் தூதுவருக்குத்தான். மற்றதெல்லாம் ஓரளவு உண்மை. ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைக்கு எந்த மாதம் பள்ளி திறக்கிறது, கூடப் போகும் மனைவியோ கணவரோ அங்கே பகல் முழுக்க என்ன செய்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. டீயை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு மிகவும் அக்கறையுள்ள விஷயம் இது, நிதானமாகவே சொல்கிறேன்.

இந்திய வெளியுறவுப் பணி 1946 அக்டோபரில் உருவானது. அதில் இருக்கும் அதிகாரி ஓர் ஊரில் ஏறத்தாழ 3 ஆண்டு இருப்பார். வாழ்க்கை கடினம் என்று அரசு வகைப்படுத்திய ஊரென்றால் 2 ஆண்டு. பெரும்பாலும் அடுத்தடுத்து இரண்டு வெளிநாடு, பிறகு தில்லி, மறுபடி வெளிநாடு. முப்பது முப்பத்தைந்து ஆண்டுப் பணிக்காலத்தைக் கணக்குப் போட்டால், ஒரு குடும்பம் பத்துத் தடவையாவது வீட்டைக் கலைத்துக் கட்டும். ஆணையில் இருப்பது அதிகாரியின் பெயர் மட்டும். கலைவது மூன்று நான்கு பேரின் வாழ்க்கை.

சர்வதேசச் சட்டம் இந்தக் குடும்பத்தைக் கவனிக்கிறது. தூதரக உறவுகளுக்கான 1961 வியன்னா உடன்படிக்கையின் 37-ஆம் பிரிவு, தூதரக அதிகாரியோடு ஒரே வீட்டில் வாழும் குடும்பத்தாருக்கும் அவருக்குள்ள பாதுகாப்பையே தருகிறது. அவர்கள் அதிகாரி பணிபுரியும் நாட்டின் குடிமக்களாக மட்டும் இருக்கக் கூடாது. இந்தப் பாதுகாப்பைப் பலர் சலுகை என்று நினைக்கிறார்கள். அதிகாரியின் மனைவியையோ மகனையோ பிடித்து வைத்து அவரை மிரட்ட முடியுமானால், அவரால் தன் நாட்டுக்காக ஒரு வார்த்தை துணிந்து பேச முடியாது. அதற்காகத்தான் வேலி வீட்டைச் சுற்றியும் போடப்பட்டிருக்கிறது.

முதலில் சாமானைப் பார்ப்போம். தில்லியிலிருந்து வாஷிங்டனுக்குப் போகும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சாமான் மூன்றாகப் பிரியும்: கையோடு போகும் பெட்டிகள், சில வாரத்தில் வரும் விமானச் சரக்கு, கப்பலில் வரும் கண்டெய்னர். 20 அடி கண்டெய்னருக்குள் சுமார் 33 கன மீட்டர் இடம் இருக்கும். பேக்கர்ஸ் ஆட்கள் ஒவ்வோர் அட்டைப் பெட்டிக்கும் எண் போட்டு எழுதுவார்கள்: பெட்டி 14, எவர்சில்வர் பாத்திரம், புழங்கியது, மதிப்பு இவ்வளவு. சுங்கத்துக்கும் காப்பீட்டுக்கும் அந்தப் பட்டியல்தான் ஆதாரம். மரச்சட்டம் அடித்த பெட்டியென்றால், அந்த மரத்தை நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றி முத்திரை குத்தியிருக்க வேண்டும். மரத்துக்குள் ஒளிந்து பூச்சிகள் நாடு தாண்டிவிடக் கூடாதே. துக்ளகாபாத் சரக்கு முனையத்தில் ரயிலேறி, முந்த்ராவிலோ நவ சேவாவிலோ கப்பலேறி, புது வீட்டு வாசலுக்கு வர இரண்டு மாதம்கூட ஆகிவிடும். அதுவரை ஒரு குக்கர், நாலு தட்டு, விமானத்தில் கொண்டுபோன போர்வைகள்.

தூதரகக் குடும்பத்தின் சாமானைத் திறந்து பார்க்க மாட்டார்களே என்பீர்கள். சொந்த உபயோகத்துக்கான பொருளுக்குச் சுங்கவரி கிடையாது, சொந்தப் பெட்டியைச் சோதிப்பதும் இல்லை என்று 36-ஆம் பிரிவு சொல்வது உண்மைதான். அதே பிரிவில் ஒரு விலக்கும் இருக்கிறது. தடைசெய்யப்பட்ட பொருளோ, தொற்றுத் தடுப்பு விதிக்கு உட்பட்ட பொருளோ உள்ளே இருப்பதாகச் சந்தேகிக்க வலுவான காரணம் இருந்தால், அதிகாரியையோ அவருடைய பிரதிநிதியையோ வைத்துக்கொண்டு திறக்கலாம். நம் வீட்டுக் கறிவேப்பிலை அமெரிக்காவில் அந்த வகையில் வரும். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்கு நோய் பரப்பும் ஒரு சிறு பூச்சிக்குக் கறிவேப்பிலைச் செடியும் இருப்பிடம். அதனால் தொட்டியில் ஆசையாக வளர்த்த கன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

அடுத்தது கிரைண்டர். எதை விட்டாலும் அதை விடாத வீடுகள் உண்டு, எனக்கு அது நன்றாகவே புரிகிறது. நம்மிடம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்ட்டை ஏற்றிவிடலாம், ஹெர்ட்ஸை அது மாற்றாது. கிரைண்டரில் பொதுவாக இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். அதன் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. 50-க்குப் பதில் 60 வந்தால் கல் ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றப் பார்க்கும், இழுக்கும் பலமோ குறையும். உளுந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, மாவு சூடாகிறதா என்று தொட்டுப் பார்த்து அரைக்கும் பழக்கம் இங்கேதான் வரும். மிக்ஸி மோட்டார் வேறு ஜாதி, அதற்கு ஹெர்ட்ஸ் பற்றிக் கவலையில்லை. மூன்று ஆண்டு கழித்து மாற்றல் டோக்கியோவுக்கு வந்தால் மறுபடி கணக்கு மாறும்: அங்கே 100 வோல்ட், டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60.

நாய் வளர்க்கும் வீடென்றால் டோக்கியோ இன்னும் கடினம். இந்தியாவிலிருந்து போகும் நாய்க்கு மைக்ரோசிப், இரண்டு வெறிநாய்த் தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்து 180 நாள் காத்திருக்க வேண்டும். மாற்றல் ஆணை அவ்வளவு முன்னதாக வருவது அரிது.

பிள்ளைகள் விஷயத்தை நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். இந்தியாவில் சிபிஎஸ்இ பள்ளி ஏப்ரலில் தொடங்குகிறது. ஜப்பானிலும் ஏப்ரல். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் செப்டம்பர் வாக்கில். ஆஸ்திரேலியாவில் ஜனவரிக் கடைசி. கான்பெராவில் ஆறாம் வகுப்பைப் பாதி படித்த பெண் ஜூலையில் பெர்லினுக்குப் போனால், அரை ஆண்டு தாண்டிக் குதிக்க வேண்டும், அல்லது அரை ஆண்டை மறுபடி படிக்க வேண்டும். கணக்கில் பின்னத்தை இரண்டு தடவை படித்து, தசமத்தை ஒரு தடவையும் படிக்காமல் போன பிள்ளைகள் உண்டு. பள்ளிக்கு அது சின்ன ஓட்டை. அந்தக் குழந்தைக்கு "எனக்குக் கணக்கு வராது" என்ற எண்ணம் விழும் இடம் அதுதான்.

இந்தச் சிக்கலை உலகம் நூறு ஆண்டுக்கு முன்பே பார்த்தது. 1924-ல் ஜெனிவாவில், நாடுகள் சங்கத்திலும் சர்வதேசத் தொழிலாளர் அலுவலகத்திலும் வேலை பார்க்க வந்தவர்களின் பிள்ளைகளுக்காக ஒரு சர்வதேசப் பள்ளி தொடங்கினார்கள். எந்த நாட்டுப் பாடத்திட்டத்தில் படித்தாலும் வேறு நாட்டுப் பல்கலைக்கழகம் ஏற்குமா என்ற கவலை அங்கே தீரவே இல்லை. அந்தக் கவலையிலிருந்து 1968-ல் அதே ஜெனிவாவில் பிறந்ததுதான் இன்று சென்னையிலும் கோவையிலும் பெருமையாக விளம்பரப்படுத்தப்படும் ஐபி பாடத்திட்டம். இடம் மாறிக்கொண்டே இருந்த பிள்ளைகளுக்காகச் செய்ததை, இடமே மாறாத பிள்ளைகள் படிக்கிறார்கள். நம் அரசும் தன் பங்குக்கு மாஸ்கோ, காத்மாண்டு, தெஹ்ரான் ஆகிய மூன்று ஊர்களில் கேந்திரிய வித்யாலயா நடத்துகிறது. மூன்று ஊர் போதாது என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

மொழி இன்னொன்று. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், தெருவில் ஸ்பானிஷ் என்று மூன்றையும் பேசும் எட்டு வயதுப் பிள்ளையைப் பார்த்து நாம் வியக்கிறோம். அந்தப் பிள்ளைக்குப் பாட்டி எழுதிய கடிதத்தைப் படிக்கத் தெரியாமலிருக்கலாம். தமிழ் எழுத்தைச் சொல்லிக்கொடுக்க அந்த ஊரில் அம்மா அப்பாவை விட்டால் ஆளில்லை. வாரத்துக்கு இரண்டு மாலை, ஒரு சிறுவர் கதைப் புத்தகம், விரலால் காட்டி எழுத்துக் கூட்டுதல். இதைப் பிடிவாதமாகச் செய்த பெற்றோர் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

1950-களில் ஜான் யூசீம், ரூத் ஹில் யூசீம் என்ற அமெரிக்கச் சமூகவியல் தம்பதி இந்தியாவுக்கு வந்து, இங்கே வாழ்ந்த அமெரிக்கத் தூதரக அதிகாரிகள், மிஷனரிகள் போன்றவர்களை ஆராய்ந்தார்கள். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் முழுக்க அமெரிக்கர்களாகவும் இல்லை, இந்தியர்களாகவும் ஆகவில்லை. தங்களைப் போலவே நடுவில் வாழும் மற்றப் பிள்ளைகளோடுதான் சட்டென்று ஒட்டிக்கொண்டார்கள். இப்படிப்பட்டவர்களை ரூத் யூசீம் 'மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்' என்றார். உலகமெங்கும் இன்று புழங்கும் அந்தக் கருத்துக்கு விதை நம் மண்ணில் விழுந்தது. "உன் சொந்த ஊர் எது?" என்ற கேள்விக்குத் தயங்கும் பிள்ளையைப் பார்த்தால் அவசரப்படுத்தாதீர்கள். அதற்குப் பதில் இல்லாமல் இல்லை, நீளமாக இருக்கிறது.

ஊருக்குத் திரும்புவதுதான் எளிது என்று தோன்றும். பல குடும்பங்களுக்கு அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். வெளிநாட்டுப் படி நின்றுவிடும். அரசு வீடு கிடைக்கும்வரை விடுதி வாசம். வகுப்பு நடுவில் வரும் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளப் பள்ளிகள் தயங்கும். இப்படி அலையும் அதிகாரிகளின் பிள்ளைகளுக்காகத்தான் 1998-ல் தில்லி சாணக்கியபுரியில் சன்ஸ்கிருதி பள்ளி தொடங்கப்பட்டது. அங்கே 60 விழுக்காடு இடம் மத்திய அரசின் உயர் அதிகாரிகள் வீட்டுப் பிள்ளைகளுக்கு. அது சமத்துவத்துக்கு விரோதம் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2015-ல் ரத்து செய்தது. 2016-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. பொதுப் பணத்தில் ஒரு வகுப்பாருக்கு மட்டும் பள்ளியா என்ற கேள்வி நியாயமானதே. நவம்பரில் வந்து நிற்கும் குழந்தை எங்கே போகும் என்பதும் நியாயமான கேள்வி.

ஆபத்தைப் பற்றிக் கொஞ்சமாகவே சொல்கிறேன். 1984 பிப்ரவரியில் பர்மிங்ஹாமில் ரவீந்திர மாத்ரே என்ற இந்திய அதிகாரி, மகளின் பிறந்தநாள் கேக்கோடு வீட்டுக்கு வரும் வழியில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். இங்கிலாந்து பாதுகாப்பான நாடாகத்தான் கருதப்பட்டது. 2008 ஜூலை 7 அன்று காபூல் தூதரக வாசலில் குண்டு வெடித்தபோது இறந்தவர்களில் வெங்கடேஸ்வர ராவ் என்ற வெளியுறவுப் பணி அதிகாரியும் ஒருவர். காபூல் போன்ற இடங்களுக்குக் குடும்பத்தை அழைத்துப் போக அனுமதி இல்லை. அப்போது மனைவியும் பிள்ளைகளும் இந்தியாவில் தனியாக இருந்து தொலைபேசிக்குக் காத்திருப்பார்கள்.

இனி, கூடப் போகிறவர். நெடுங்காலம் இது மனைவியைக் குறித்தது மட்டுமே. அமெரிக்க வெளியுறவுத் துறையில் 1972 வரை, மனைவி எப்படி விருந்து உபசரிக்கிறார், எப்படிப் பழகுகிறார் என்பதும் கணவரின் ஆண்டு மதிப்பீட்டில் இடம்பெற்றது. சம்பளம் கிடையாது, மதிப்பெண் மட்டும் உண்டு. பெண்ணே அதிகாரியானால்? பிரிட்டனில் தூதரகப் பணியிலுள்ள பெண் திருமணம் செய்தால் விலக வேண்டும் என்ற தடை 1973-ல்தான் நீங்கியது. நம் கதையும் மெச்சத்தக்கதாக இல்லை. வெளியுறவுப் பணியின் முதல் பெண் அதிகாரி சி.பி. முத்தம்மா, குடகுக்காரர், சென்னையில் படித்தவர், 1949-ல் சேர்ந்தார். பெண் அதிகாரி திருமணத்துக்கு முன் அரசிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும், குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடையூறு என்று அரசு கருதினால் விலகச் சொல்லலாம் என்று விதி இருந்தது. ஆண் அதிகாரிக்கு அப்படி ஒன்றும் இல்லை. பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது முத்தம்மா உச்ச நீதிமன்றம் போனார். 1979-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், அந்த விதிகளில் உள்ள பாரபட்சத்தைக் கடுமையாகச் சாடி, பணி விதிகள் முழுவதையும் சீர்செய்யச் சொன்னார். அதற்குள் அரசு முத்தம்மாவுக்குப் பதவி உயர்வும் கொடுத்துவிட்டது. முத்தம்மா கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

இன்று பெண் அதிகாரியோடு கணவர் போவது சாதாரணம். ஆனாலும் வாக்குரிமையைப் பாருங்கள். வெளிநாட்டில் பணிபுரியும் அரசு ஊழியர் ஊரில் வாக்காளராகப் பதிந்து தபாலில் வாக்களிக்கலாம். கூட வசிக்கும் மனைவிக்கும் அந்த உரிமை உண்டு. கணவருக்கோ நெடுங்காலம் இருக்கவில்லை, ஏனெனில் சட்டத்தில் 'மனைவி' என்றே எழுதியிருந்தது. 2021 திருத்தத்தில்தான் கணவன், மனைவி இருவருக்கும் பொதுவான சொல் வந்தது.

வேலைதான் இன்னும் தீராதது. கூடப் போனவர் அந்த நாட்டில் சம்பளத்துக்கு வேலை பார்க்க, இரு நாடுகளுக்கும் இடையே ஒப்பந்தம் இருக்க வேண்டும். இந்தியா பல நாடுகளோடு செய்திருக்கிறது. ஒப்பந்தம் இருந்தாலும் மனு தூதரகம் வழியாகப் போய் அனுமதி வர வேண்டும், அந்த வேலை சம்பந்தமான சிவில் வழக்குகளில் தூதரகப் பாதுகாப்பும் கிடைக்காது. பல் மருத்துவர் என்றால் உள்ளூர்ப் பதிவுக்குத் தேர்வு எழுத வேண்டும். வழக்கறிஞர் என்றால் அங்கத்திய சட்டம் படிக்க வேண்டும். தேர்வு எழுதி முடிக்கும்போது அடுத்த மாற்றல் வந்திருக்கும். இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது, ஆனால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. எந்த ஊர் என்பதை ஆறேழு மாதம் முன்னால் உறுதியாகச் சொல்லிவிட்டால், அனுமதி மனுவை முன்கூட்டியே தயார் செய்யலாம், உள்ளூர்த் தேர்வுக்கு இங்கிருந்தே படிக்கலாம், பள்ளியில் இடமும் கேட்டு வைக்கலாம். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, ஆணையை எழுதும் மேசையில் நாள்காட்டியைக் கொஞ்சம் முன்னே நகர்த்தினால் போதும்.