முதலில் கேட்க வேண்டிய கேள்வி: “என்ன சாப்பிட்டீர்கள்?”



வேம்பார் முதல் பெரியதாழை வரையுள்ள இந்த முத்துக்குளித்துறைக் கரையில், பெண்கள் மருத்துவரிடம் சொல்லும் குறைகளில் சில சேர்ந்தே வருகின்றன. “மாதவிலக்கு மூன்று மாதமாக வரவில்லை.” “காரணமில்லாமல் அழுகை வருகிறது.” “பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறேன்.” “இரவில் தூக்கமே இல்லை.” மீன் கூடை சுமக்கிறவர்கள், உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள், கல்லூரிப் பெண்கள், கைக்குழந்தைக்காரர்கள் எல்லாரிடமும் இவற்றைக் கேட்கலாம்.

வீட்டார் இதற்குப் பல பெயர்கள் வைப்பார்கள். நரம்புத் தளர்ச்சி என்பார்கள், கண்ணேறு என்பார்கள், காற்றுக் கறுப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். சபையில் சிலர் விசுவாசக் குறைவு என்றும் சொல்லிவிடுவார்கள். ஆனால் எளிய ஒரு கேள்வியைக் கேட்க மறந்துவிடுகிறோம்: “அம்மா, நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?”

ஆகாரம் குறையும்போது பெண்ணின் சரீரத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை இந்த மடலில் விளக்க விரும்புகிறோம்.

சரீரத்தின் சிக்கனம்

தடைக்காலத்தில் நம் கடற்கரை வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. கையில் காசு குறைந்ததும் வீட்டுக்காரி எதை நிறுத்துகிறாள்? புதுத் துணியை, வெள்ளையடிப்பதை, விசேஷங்களை. அடுப்பு மட்டும் அணையாதபடி பார்த்துக்கொள்கிறாள்.

சரீரமும் அப்படியே செய்கிறது. ஆகாரம் போதாமல் போனால், உயிர் தரித்திருக்க உடனடியாகத் தேவைப்படாத வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்துகிறது. பிள்ளை பெறுவதற்கான ஆயத்தம் அவற்றில் முக்கியமானது.

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி இருக்கிறது. மாதச் சுழற்சியின் முற்பாதியில் ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை அது ஒரு ஹார்மோன் சமிக்ஞையை அனுப்புகிறது. அதை ஏற்றுப் பிட்யூட்டரி சுரப்பி சினைப்பையை எழுப்புகிறது. சினைப்பை ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்டிரோன் என்ற ஹார்மோன்களைச் சுரக்கிறது. இந்த ஒழுங்கினால்தான் மாதவிலக்கு வருகிறது.

களஞ்சியத்தில் எவ்வளவு இருக்கிறது என்பது மூளைக்கு எப்படித் தெரியும்? கொழுப்புத் திசுவில் சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் அந்தச் செய்தியைக் கொண்டுபோகிறவைகளில் ஒன்று. இது 1994-இல் கண்டுபிடிக்கப்பட்டது. சாப்பாடு குறைந்தால் லெப்டின் குறைகிறது. மூளையின் சமிக்ஞை தளர்கிறது. மாதவிலக்கு தள்ளிப்போகிறது அல்லது நின்றேவிடுகிறது. அதோடு தைராய்டு ஹார்மோனின் வேகம் தணிகிறது; குளிர் தாங்காது, அசதி வரும். கார்ட்டிசால் என்ற நெருக்கடி ஹார்மோன் கூடுகிறது. தூக்கம் கெடும், படபடப்பு வரும். மனநிலையோடு தொடர்புள்ள மூளை இரசாயனங்களின்மேலும் ஈஸ்ட்ரோஜனுக்குப் பங்குண்டு. ஆகவே மாதவிலக்குக் கோளாறும் மனச்சோர்வும் ஒரே பெண்ணிடம் சேர்ந்து வருவது ஆச்சரியமல்ல. இரண்டுக்கும் வேர் ஒன்றாக இருக்கக்கூடும்.

இதில் உழைப்புக்கும் கணக்கு உண்டு. வேலைக்குச் செலவானது போக மீதியாகும் ஆகாரச் சக்தி ஓர் அளவுக்குக் கீழே போனால், ஐந்தே நாட்களில் இந்தச் சமிக்ஞை தடுமாறுகிறது என்பதை அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஆன் லௌக்ஸ் 2003-இல் வெளியான ஆய்வில் காட்டினார். வீட்டில் இருக்கிறவருக்குப் போதுமான சாப்பாடு, வெயிலில் உப்பு வாருகிறவருக்குப் போதாது. ஒரு பெண் பார்வைக்கு மெலியாமல் இருந்தாலும் இந்தக் குறை வரலாம்.

யுத்தம் கற்பித்த பாடம்

1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியரின் பிடியில் இருந்த நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் கொடிய பஞ்சம் உண்டாயிற்று. ஆளுக்கு ஒரு நாளைக்குக் கிடைத்த பங்கீடு 1000 கலோரிக்கும் கீழே இறங்கியது. ஏராளமான பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோனது. ஒன்பது மாதங்கள் கழித்து அந்த ஊர்களில் பிறப்பு எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. ஆகாரம் திரும்ப வந்தபோது அதுவும் திரும்ப ஏறியது.

அதே நாட்களில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில், பஞ்சத்தில் வாடினவர்களை எப்படித் தேற்றுவது என்று அறிவதற்காக ஆன்சல் கீஸ் என்பவர் ஒரு பரிசோதனை நடத்தினார். மனச்சாட்சியின்படி ஆயுதம் எடுக்க மறுத்த 36 வாலிபர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். அவர்களில் பலர் பிரதரன், குவேக்கர், மென்னோனைட் சபையார். 24 வாரங்கள் அவர்களுக்குக் கிடைத்தது நாளொன்றுக்கு ஏறக்குறைய 1570 கலோரி. எடையில் கால் பங்கு குறைந்தது. ஆனால் எடையைவிட மனம் மாறினதுதான் கவனிக்கத்தக்கது. சாந்தமானவர்கள் எரிச்சல்பட்டார்கள். சிநேகிதரை விட்டு விலகினார்கள். இரவும் பகலும் சாப்பாட்டையே நினைத்தார்கள். பலர் ஆழ்ந்த சோர்வில் விழுந்தார்கள். உடலும் மனமும் நன்றாக இருக்கின்றனவா என்று சோதித்துத் தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் இவர்கள்! இவர்களுடைய குணம் கெட்டுப்போகவில்லை, வயிறு காய்ந்திருந்தது.

அந்த 1570 கலோரி நமக்குத் தூரமான கதை அல்ல. காலையில் வெறும் காப்பி, மத்தியானம் சட்டியில் மிஞ்சின சோறு, இரவில் பிள்ளைகள் வைத்த மீதி என்று வாழ்கிற தாயின் கணக்கைக் கூட்டினால், அந்த அளவையே எட்டாமல் போகலாம்.

நம்முடைய கரையில்

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்ல. பெண் பிள்ளை பெரியவளானால் உளுந்தங்களி கிண்டி, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கொடுக்கிறோம். பால் கொடுக்கிற தாய்க்குப் பால்சுறாப் புட்டு செய்கிறோம். பெண்ணின் சரீரம் ஆயத்தமாவதற்கு ஆகாரம் வேண்டும் என்ற அறிவு அதில் இருக்கிறது. புரதம், எண்ணெய், மாவுச்சத்து எல்லாம் அதில் அடங்கியிருக்கின்றன.

ஆனால் அதே வீட்டில் பிரசவப் பத்தியம் என்ற பெயரில் பழம் கூடாது, கீரை கூடாது, பருப்பு கூடாது, தண்ணீர்கூட அளவாகத்தான் என்று நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரைப்படி, முதல் ஆறு மாதம் பாலூட்டும் தாய்க்கு வழக்கமான ஆகாரத்தோடு நாளுக்கு ஏறக்குறைய 600 கலோரி கூடுதலாக வேண்டும். கூட்டிக் கொடுக்க வேண்டிய காலத்தில் குறைக்கிறோம். பாலூட்டும்போது மாதவிலக்கு வராதிருப்பது இயற்கை. அதைக் குறித்துப் பயப்பட வேண்டாம். ஆனால் பிரசவத்தில் இரத்தம் இழந்தவள், இரவில் தூக்கமில்லாதவள், ஆகாரமும் குறைந்தால், அவளுடைய அழுகைக்கு ஒரு காரணம் நம்முடைய கைகளிலேயே இருக்கிறது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் கிராமத்துத் தாய்மார் 359 பேரிடம் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வில், பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு நோய் கண்டவர்கள் 11 சதவீதம். குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்திருக்கப் பெண் பிள்ளை பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உறவு சரியில்லாமை, கைவேலைக்கு ஆள் உதவி இல்லாமை ஆகியவை அந்த நோயோடு சேர்ந்து காணப்பட்டன. அந்த ஆய்வு ஆகாரத்தைக் குறித்ததல்ல. ஆனாலும் அந்தத் தாயின் தட்டில் என்ன விழுகிறது என்பதைத் தீர்மானிக்கிறதும் பெரும்பாலும் இதே வருமானமும் இதே உறவுகளும்தான்.

இரத்தசோகையையும் மறக்கக் கூடாது. 2019-21-இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இரும்புச்சத்து குறைந்தால் மூச்சு வாங்கும், மனம் எதிலும் ஒட்டாது. மீன் விற்கிற வீட்டிலேயே நல்ல மீன் எல்லாம் ஏலத்துக்குப் போய், பெண்ணுக்குக் குழம்பு மாத்திரம் மிஞ்சுவதும் உண்டு. சாளையும் நெத்திலியும் விலை குறைந்தவை. ஆனால் புரதத்திலும் பி12 வைட்டமினிலும் அவை எந்தப் பெரிய மீனுக்கும் இளைத்தவை அல்ல.

கல்லூரிப் பெண்களிடம் இப்போது வேறொரு பத்தியம் பரவியிருக்கிறது. கைபேசியில் பார்த்து, சோற்றை அடியோடு விட்டுவிடுகிறார்கள். கலியாணத்துக்கு முன் பத்துக் கிலோ குறைக்கப் பார்க்கிறார்கள். சினைப்பை நீர்க்கட்டி என்று கேள்விப்பட்டதும் பட்டினி கிடக்கிறார்கள். அதிக எடை உள்ளவர்கள் மெதுவாக ஐந்து சதவீதம் குறைத்தாலே மாதவிலக்கு சீராக உதவும் என்பது உண்மை. பட்டினி அதற்கு வழியல்ல. அது நோய்க்குப் பதிலாக வேறொரு நோயைக் கொண்டுவரும். மாதவிலக்கு பல மாதம் நின்றால் எலும்பும் பலவீனப்படும். கடையில் மாத்திரை வாங்கி மாதவிலக்கை வரவழைத்தால் காரணம் மூடப்படுமே தவிர, நீங்காது.

உபவாசத்தைக் குறித்து

லெந்து நாட்களில் நம் பெண்கள் பக்தியோடு உபவாசிக்கிறார்கள். லெந்து முடிகிற வேளையில் தடைக்காலம் வந்து சேருகிறது. ஆக, வருஷத்தில் தொடர்ச்சியாக மூன்று மாதத்துக்கும் மேலாகச் சில வீடுகளில் பெண்ணின் தட்டு இளைத்தே இருக்கிறது.

உபவாசத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. சுகமுள்ளவர் ஒரு வேளை, ஒரு நாள் உபவாசிப்பதால் கெடுதி இல்லை. ஆனால் கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், வளருகிற பெண் பிள்ளைகள், இரத்தசோகை உள்ளவர்கள், காசநோய்க்கோ சர்க்கரைக்கோ மருந்து சாப்பிடுகிறவர்கள், மனச்சோர்வில் இருக்கிறவர்கள் உணவை நிறுத்தி உபவாசிக்க வேண்டாம். அவர்கள் வேறு எதையாவது ஒறுக்கட்டும்.

வேதத்தில் அன்னாள் சாப்பிடாமல் அழுதுகொண்டிருந்தபோது, ஆசாரியனாகிய ஏலி அவளைக் குடிவெறி கொண்டவள் என்று நினைத்தான். எலியா சூரைச்செடியின்கீழ் சாவை விரும்பினபோதோ, தேவதூதன் அவனைக் கண்டிக்கவில்லை. தூங்கவிட்டான், இரண்டு தடவை எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான். பிறகுதான் தேவன் அவனோடு பேசினார். அழுகிற பெண்ணுக்கு முன்பாக நாம் ஏலியைப்போல நிற்கிறோமா, அந்தத் தூதனைப்போல நிற்கிறோமா?

எல்லாம் ஆகாரத்தினால் அல்ல

மாதவிலக்கு நிற்பதற்குக் கர்ப்பமும், தைராய்டுக் கோளாறும், பிட்யூட்டரிக் கட்டியும் காரணமாகலாம். மூன்று மாதம் வராவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மனச்சோர்வு நோய் நன்றாகச் சாப்பிடுகிறவர்களுக்கும் வரும். சோறு போட்டால் தீர்ந்துவிடும் என்று சொல்லிச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. சாக வேண்டும் என்றோ, குழந்தை வேண்டாம் என்றோ ஒரு தாய் பேசினால் தனியே விடாமல் அன்றைக்கே அழைத்து வாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

நாம் செய்யக்கூடியவை

1. வீட்டில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். பரிமாறுகிறவளின் பங்கு முதலிலேயே எடுத்து வைக்கப்படட்டும்.

2. மாமியாரே, தாயாரே, பிரசவித்தவளுக்குக் கீரை, பருப்பு, முட்டை, மீன், பழம், தாகத்துக்குத் தண்ணீர் எல்லாம் கொடுங்கள். உளுந்தங்களியையும் பால்சுறாவையும் விட வேண்டாம்.

3. கர்ப்பிணிகளுக்கு அரசாங்கம் தருகிற ஊட்டச்சத்துப் பெட்டகம் பங்கிடப்படாமல் அவளுக்கே சேரட்டும்.

4. வேலைக்குப் போகிற பெண் மடியில் கொஞ்சம் வறுகடலையோ, நம் மாவட்டத்துக் கோவில்பட்டிக் கடலை மிட்டாயோ கொண்டுபோகட்டும்.

5. போதகர்கள் உபவாசக் கூட்டத்தை அறிவிக்கும்போதே, யார் உபவாசிக்க வேண்டாம் என்பதையும் சேர்த்து அறிவிக்கும்படி வேண்டிக்கொள்கிறோம்.

6. வருஷத்துக்கு ஒரு தடவையாவது பெண்களின் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் சிகிச்சை வேண்டும்.

ஆகாரம் ஒழுங்காகும்போது மாதவிலக்கு ஒரே வாரத்தில் திரும்பாது. சில மாதங்கள் பிடிக்கும். அதுவரை அவளை நச்சரிக்காமல், பொறுமையோடு தாங்க வேண்டும்.

உங்கள் காணிக்கைகள் இரத்தப் பரிசோதனையாகவும், இரும்புச்சத்து மாத்திரையாகவும், ஏழைத் தாயின் தட்டில் ஒரு முட்டையாகவும் மாறுகின்றன. காசில்லாமல் செய்யக்கூடிய உதவியும் ஒன்று உண்டு. இந்த வாரத்தில் உங்கள் தெருவில், உங்கள் சபையில், சோர்ந்திருக்கிற ஒரு சகோதரியிடம் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். பதிலைக் கேட்டபின், அவளை உட்காரவைத்து ஒரு தட்டில் சாதம் போடுங்கள்.